அஞ்சு கட்டைக்குக் கொஞ்சம் மேலே: தறிச் சத்தத்திலிருந்து ஒரு ராக் பாட்டு

கோவைக்குப் பக்கத்தில், விசைத்தறி ஓடும் சோமனூர்ப் பக்கம் மாமா வீட்டில் போய்த் தங்கினால் முதல் இரண்டு ராத்திரி தூக்கம் வராது. மூன்றாம் ராத்திரி, கரண்ட் போய்த் தறி நின்றால்தான் விழிப்பு வரும். சின்ன வயதிலிருந்து கேட்ட அந்தச் சத்தத்தை வைத்து ஒரு ராக் பாட்டு செய்யலாம் என்று எங்கள் நான்கு பேர் குழுவுக்குத் தோன்றியது. செய்தோம். முதல் முறை படுதோல்வி. அந்தத் தோல்வியில் கற்றதைத்தான் புதிதாக இறங்குபவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். கிட்டார் கொஞ்சம் வாசிக்கத் தெரியும், ஒரு போனும் ஒரு சுமாரான கம்ப்யூட்டரும் இருக்கிறது என்றால் போதும்.

எங்கே தவறினோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நிமிடத்துக்கு 120 அடி வேகத்தில் ஒரு பாட்டை முழுசாகப் போட்டு முடித்தோம். அப்புறம் தறிக்குடோனில் போய் ஐந்து நிமிடம் பதிவு செய்து, சுருதி மாறாமல் அதை மெதுவாக்கி, பாட்டுக்குப் பின்னால் ஒட்டினோம். மாமாவிடம் தறி ஓட்டும் அண்ணன் ஒருவரிடம் பெருமையாகப் போட்டுக் காட்டினோம். முழுசாகக் கேட்டுவிட்டு, "இது நம்ம தறி இல்லீங் தம்பி. நம்ம தறி இத்தன சோம்பலா ஓடாது" என்றார். பாட்டை அப்படியே தூக்கிப் போட்டோம்.

பாட்டை எழுதிவிட்டு ஓசையைத் தேடாதீர்கள். ஓசையை முதலில் எடுத்து, வேகத்தையும் சுருதியையும் அதனிடமிருந்தே வாங்குங்கள். கீழே வருவதெல்லாம் இந்த ஒரே வேலையைச் செய்யும் வழிதான்.

எந்த ஓசை?

கொங்கு நாட்டில் சத்தத்துக்குப் பஞ்சமில்லை. திருப்பூர் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷின், கரூர் பஸ் பாடி பட்டறையில் தகரம் அடிப்பது, பொள்ளாச்சித் தோப்பில் தேங்காய் விழுவது, ஈரோட்டில் மஞ்சள் மூட்டையை இறக்குவது, பவானியில் ஜமக்காளக் கைத்தறி, வீட்டில் கிரைண்டர், கோவை காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் விசில். புதிதாகச் செய்பவர்கள் இவை எல்லாவற்றையும் ஒரே பாட்டில் திணிக்கப் பார்ப்பார்கள். அப்படிச் செய்தால் சந்தைக்கடைதான் மிஞ்சும். ஒரு ஓசை முதலாளி. மற்றவை கூலிக்கு வரட்டும்.

முதலாளியாக இருக்கும் ஓசைக்குத் தாளம், சுருதி இரண்டும் திடமாக இருக்க வேண்டும். கிரைண்டரில் ஒரு ரீங்காரம் உண்டு, ஆனால் அடி இல்லை. ஓவர்லாக்கில் அடி உண்டு, ஆனால் காது எண்ண முடியாத வேகம். மிதியை அமுக்கும்போது சர்ரென்று எழுந்து அடங்குவதால் இடைநிரப்புக்கு அருமையாக இருக்கும், பாட்டைத் தாங்காது. பவானிக் கைத்தறி மனிதன் ஓட்டுவது. மூச்சு வாங்கும், நிற்கும், சேலம் மச்சானைப் பற்றிப் பேசிவிட்டு மறுபடி ஓடும். எனக்கு மிகவும் பிடித்த ஓசை அதுதான், என்றாலும் முதல் பாட்டுக்கு அதைத் தொடாதீர்கள். சாதா விசைத்தறி இரண்டும் தரும்: நாடா (ஊடு நூலைச் சுமந்து அங்கும் இங்கும் ஓடும் கட்டை) ஓடும் அடி, மோட்டாரின் முனகல். நான் அதை வைத்தே சொல்கிறேன். உங்கள் ஊரில் தறி இல்லையென்றால் ஆயில் எஞ்சினின் அடிக்கும் இதே வேகக் கணக்குதான்.

இது புதிய வித்தை ஒன்றும் இல்லை. 1948 இல் பிரெஞ்சு வானொலியில் வேலை பார்த்த பியர் ஷேஃபர், ரயில் எஞ்சின் ஓசைகளைப் பதிவு செய்து வெறும் அவற்றைக் கொண்டே ஓர் இசைத் துண்டு அமைத்தார். 1973 இல் பிங்க் ஃப்ளாய்ட் குழு சில்லறைக் காசு, கல்லாப்பெட்டி ஓசைகளை ஒலிநாடாவில் வெட்டி ஒட்டி ஏழு அடித் தாளமாக ஓடவிட்டு, அதன்மேல் பாட்டைக் கட்டியது. நமக்கு வேண்டியது இரண்டாவது வழி.

பதிவு

குடோனுக்குப் போகும்முன் முதலாளியிடம் அனுமதி கேளுங்கள். ஓட்டுபவரிடமும் தனியாகக் கேளுங்கள். தறி நின்றால் அவருக்குக் கூலி போகும். ஒரு மணி நேரம் நிறுத்தி நிறுத்தி ஓட்டச் சொல்வதென்றால் அந்த ஒரு மணிக்குக் காசு கொடுத்துவிடுவதுதான் மரியாதை.

பாதுகாப்பும் உண்டு. நாடா ஓடும் பாதைக்கு நேராக, தறியின் பக்கவாட்டில் நிற்காதீர்கள். எப்போதாவது நாடா தெறிக்கும், அது தெறிக்கும் வேகம் விளையாட்டில்லை. துப்பட்டா, துண்டு, ஹெட்போன் வயர் எதுவும் பெல்ட் பக்கம் போகக் கூடாது. குடோனுக்குள் சத்தம் 90 டெசிபலைத் தாண்டும், காதடைப்பான் போட்டுக்கொள்ளுங்கள். தினமும் அங்கேயே நிற்பவர்களுக்கு அது கிடைப்பதில்லை என்பது வேறு விஷயம். ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தோம்.

எஃப்எம் ரேடியோ ஓடிக்கொண்டிருக்கும். நிறுத்தச் சொல்லுங்கள். எங்கள் முதல் பதிவில் தறிக்குப் பின்னால் ஒரு சினிமாப் பாட்டு மங்கலாகக் கேட்டது. அப்படியே வெளியிட்டிருந்தால் உரிமைப் பிரச்சினை நம் தலையில் விழுந்திருக்கும்.

போனிலேயே பதிவு செய்யலாம். ஆனால் பல போன்களில் வரும் சாதாரண ரெக்கார்டர் பேச்சுக்காகச் செய்தது. சத்தம் ஏறினால் தானே குறைக்கும், தொடர்ந்து வரும் இரைச்சலைத் தானே அழிக்கும். நமக்கு வேண்டியதே அந்த இரைச்சல்தான். வேவ் வடிவில், 48 கிலோஹெர்ட்ஸில், தானியங்கிக் கட்டுப்பாட்டை அணைத்துப் பதியும் செயலி ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். ஐபோனில் வாய்ஸ் மெமோஸ் அமைப்பில் லாஸ்லெஸ் என்று மாற்றலாம். அளவு மைனஸ் 12 டெசிபலைச் சுற்றி நிற்கட்டும். உள்ளே ஒலி கரகரவென்று உடைந்தால் வாசலுக்கு வந்துவிடுங்கள், மைக்கை மூடுவதால் பயனில்லை. எஸ்எம் 57 போன்ற டைனமிக் மைக் கையில் இருந்தால் இந்தச் சத்தத்தை அலட்டிக்கொள்ளாமல் தாங்கும்.

நான்கு இடங்களில் எடுங்கள்: நாடாப்பெட்டியிலிருந்து மூன்றடி தள்ளி, மோட்டாருக்குப் பக்கத்தில், குடோனின் நடுவில், வெளியே ஜன்னலுக்கு அப்பால். ஒவ்வொன்றும் இரண்டு நிமிடம். ஐந்தாவதாக, ஒரு பீசோ தகட்டை (அதிர்வை மின் சமிக்ஞையாக்கும் சின்ன வட்டத் தகடு) ஜாக் வயரில் பற்றவைத்துத் தறியின் சட்டத்தில் டேப் போட்டு ஒட்டிப் பாருங்கள். காற்றில் வராத ஒரு 'தொம்' சட்டத்துக்குள் இருக்கிறது.

ஸ்விட்ச் போடும் கணத்தையும் அணைக்கும் கணத்தையும் தவறாமல் பதியுங்கள். தறி தளர்ந்து நிற்கும் அந்த இரண்டு மூன்று வினாடிக்கு எந்த டிரம்மரும் ஈடில்லை. எங்கள் பாட்டு முடிவதே அதில்தான்.

கோப்புக்குப் பெயர் வையுங்கள்: தேதி, ஊர், எந்தத் தறி, எத்தனை அடி தூரம். 'நியூ ரெக்கார்டிங் 14' என்று கிடந்தால் ஆறு மாதம் கழித்து ஒன்றும் விளங்காது. நாங்கள் பதிந்த இடது கோடித் தறியை மாமா போன வருடம் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார். இனிமேல் மறுபடி எடுக்க வழியில்லை.

வேகத்தைக் கண்டுபிடிப்பது

ஆடாசிட்டி என்ற இலவச ஒலித் தொகுப்பு மென்பொருளில் கோப்பைத் திறந்தால் அடிகள் முள்வேலி மாதிரி தெரியும். ஒரு முள்ளிலிருந்து பதினோராவது முள் வரை தேர்ந்தெடுத்து எத்தனை வினாடி என்று பாருங்கள். அதற்குள் பத்து இடைவெளி இருக்கும். 600 ஐ அந்த வினாடியால் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை அடி என்பது கிடைக்கும். எங்களுக்கு 4.29 வினாடி வந்தது. அதாவது ஏறத்தாழ 140. தறிக்காரர் கணக்கில் அது 140 பிக். நாடா ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் போவது ஒரு பிக். ராக் பாட்டுக்கு 140 என்பது யாரோ அளந்து கொடுத்தது மாதிரி பொருந்தும் வேகம். நாம் அதைத்தான் 120 க்கு இழுத்துச் சோம்பலாக்கியிருந்தோம்.

இன்னொன்றைக் கவனியுங்கள். இடது அடியும் வலது அடியும் ஒரே மாதிரி இருக்காது. ஒன்று கனமாக, இன்னொன்று கூர்மையாக இருக்கும். இடைவெளியும் துல்லியமாகச் சமமில்லை. மென்பொருளில் குவாண்டைஸ் என்று ஒரு பொத்தான் உண்டு, எல்லா அடியையும் கோட்டில் நிறுத்திவிடும். அதைத் தொடாதீர்கள். அந்த நொண்டல்தான் தறியின் நடை. டிரம்மர் அந்த நொண்டலைக் கேட்டு அதோடு சேர்ந்து வாசிக்கட்டும். கனமான அடியைக் கிக்காகவும் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) கூரான அடியை ஸ்னேராகவும் (குச்சியால் அடிக்கும் கூர்மையான டிரம்) வைத்தால் பாதி வேலை முடிந்தது.

ஒரே குடோனில் இரண்டு தறி ஒரே வேகத்தில் ஓடாது. ஒன்று 140, பக்கத்தது 142 என்றால் இரண்டு அடிகளும் மெல்ல விலகி, அரை நிமிடத்துக்கு ஒருமுறை மறுபடி சேரும். எங்கள் பாட்டின் நடுப்பகுதி முழுக்க இதுதான்: கிட்டார் நிற்கும், இரண்டு தறி மட்டும் பிரிந்து கலைந்து சேரும், சேரும் இடத்தில் எல்லோரும் விழுவோம். மேடையில் அந்த அரை நிமிடம் காத்திருப்பது கொடுமை. ஆனால் கேட்பவர்களுக்குப் பிடிக்கிறது.

சுருதி

முதல் பாட்டைக் கேட்டால் தலை வலித்ததற்குக் காரணம் இங்கேதான் இருந்தது, கண்டுபிடிக்க ஒரு மாதம் ஆனது. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மோட்டாரும் டிரான்ஸ்ஃபார்மரும் முனகுவது அதன் இரட்டிப்பில், 100 ஹெர்ட்ஸில். கிட்டாரில் ஜி என்ற சுரம், நம் கணக்கில் அஞ்சு கட்டை, 98 ஹெர்ட்ஸ். இரண்டும் சேர்ந்து ஒலித்தால் வினாடிக்கு இரண்டு முறை 'வாவ், வாவ்' என்று ஓர் அலை எழும். நாங்கள் ஜியில் வாசித்துக்கொண்டு, ஆம்ப் கெட்டுவிட்டதென்று அதைப் பிரித்துப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்த வித்தியாசம் 35 சென்ட், அதாவது அரைச் சுரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூட. தீர்க்க இரண்டு வழி. ட்யூனர் செயலியில் அடிப்படை அளவு ஏ 440 என்று இருக்கும், அதை 449 ஆக்கிக் கிட்டார், பேஸ் எல்லாவற்றையும் அதற்குச் சேருங்கள். கீபோர்டில் ட்யூனிங்கை 35 சென்ட் ஏற்றுங்கள். அப்போது நீங்கள் ஜி அடித்தால் அது ஊர் டிரான்ஸ்ஃபார்மரோடு சேரும். அல்லது தறிப் பதிவைப் பழைய டேப் ஓட்டுவது மாதிரி 2 சதவீதம் மெதுவாக்குங்கள். சுருதி 35 சென்ட் இறங்கும், வேகமும் 140 இலிருந்து 137 க்குச் சற்று மேலே வந்து நிற்கும். இது சுலபம். ஆனால் தறியை மறுபடி சோம்பலாக்க எங்களுக்கு மனம் வரவில்லை. அந்த அண்ணன் முகம் ஞாபகம் வந்தது. கிட்டாரைத்தான் ஏற்றினோம்.

மோட்டார் முனகல் இப்படித் தம்புராவாகிவிட்டால் ராகம், கார்டு எல்லாம் தானே அமையும். முனகல் மாறாது, மேலே நீங்கள் மாறலாம். ஆறாம் கம்பியில் மூன்றாம் கட்டத்திலிருந்து ஒரு பவர் கார்டு ரிஃப் தொடங்கி, எங்கே சுற்றினாலும் அங்கே வந்து இறங்குங்கள்.

டிரம் செட்டுக்குக் கூலி ஆட்கள்

தறி அடியோடு சேர்க்க வேறு சில ஓசைகள் வேண்டும். கிக்குக்கு, மண் தரையில் மூட்டை விழும் ஓசை. மஞ்சள் மூட்டை நன்றாக இருக்கிறது, நெல் மூட்டை இன்னும் தாழ்வாக இறங்குகிறது. தேங்காய் விழுவதை எதிர்பார்த்து மைக்கோடு மரத்தடியில் உட்காராதீர்கள். பறிப்பு நாளில் தள்ளி நின்று எடுங்கள். ஸ்னேருக்குத் தகரத்தில் சுத்தி. ஹைஹாட்டுக்கு (காலால் மூடித் திறக்கும் இரட்டைத் தட்டு), சீமாறு வைத்துச் சிமெண்டு வாசலைக் கூட்டும் ஓசை எங்களுக்கு மற்ற எல்லாவற்றையும்விட நன்றாக அமைந்தது.

திருவிழா மேளமான துடும்பு, ஜமாப் அடிப்பவர்களைப் பதிவு செய்வதென்றால் அது வேறு கணக்கு. அது அன்றாட ஓசை இல்லை, கலைஞரின் வாசிப்பு. திருவிழாவில் போனை நீட்டிப் பிடித்துவிட்டு வந்து பாட்டில் போடுவது முறையாகாது. கூப்பிட்டு, சம்பளம் பேசி, பெயர் போட்டு வாசிக்க வையுங்கள்.

கிணறு

ரிவெர்ப் (ஓசைக்குப் பின் தொடரும் எதிரொலி) வேண்டுமா, காசு கொடுத்து வாங்காதீர்கள். நம் ஊர்க் கிணறுகள் ஆழம். மேலே நின்றபடி ஒரு பலூனை ஊசியால் குத்தி, அந்த வெடியையும் அது அடங்கும் வரை வரும் எதிரொலியையும் பதியுங்கள். ரீப்பர் மென்பொருளில் ரியாவெர்ப் என்று ஒன்று இருக்கிறது, அதில் இந்தக் கோப்பை ஏற்றினால் எந்தக் குரலும் உங்கள் கிணற்றுக்குள் பாடியது போல் கேட்கும். ரீப்பரை 60 நாள் முழுசாக இலவசமாகச் சோதிக்கலாம், சொந்த உபயோகத்துக்கு உரிமம் 60 டாலர்.

இதில் ஒரு வேடிக்கை. வெயில் நேரத்தில் ஒலி வினாடிக்குச் சுமார் 350 மீட்டர் போகும். நீர் மட்டம் 60 அடி ஆழத்தில் இருந்தால் போய்த் திரும்ப ஏறத்தாழ 105 மில்லி வினாடி. 140 வேகத்தில் ஒரு தாள அடியின் கால் பங்கு 107 மில்லி வினாடி. அதாவது அந்தக் கிணற்றின் எதிரொலி நம் பாட்டின் தாளத்திலேயே திரும்பி வரும். மழைக்குப் பின் தண்ணீர் ஏறினால் தாளம் தப்பும்!

கைப்பிடிச் சுவர் இடிந்த கிணறு என்றால் பக்கத்திலேயே போக வேண்டாம். ஆடி மாதத்தில் இந்த வேலையே வேண்டாம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று காற்றாலைக்குத்தான் நல்லது, மைக்குக்கு எமன். தை, மாசி விடியற்காலை சரியான நேரம்.

வரிகள்

இந்தப் பாட்டுக்குத் தத்துவம் எழுதாதீர்கள். தறியின் அடிக்கு வாயைக் கொடுத்துப் பாருங்கள், சொல் தானாக வரும். எங்களுக்கு வந்தது: "அக்கட்ட ஒரு அடி, இக்கட்ட ஒரு அடி, நடுவுல கெடக்குது நம்ம தூக்கம்." எழுத்துத் தமிழில் இதை எழுதிப் பார்த்தோம், அடியில் உட்காரவில்லை. பொடக்காலி (புழக்கடை), ஒறம்பரை (உறவினர்), இட்டேரி (வேலிகளுக்கு நடுவே போகும் பாதை) எல்லாம் இப்படிப்பட்ட பாட்டுக்கு நல்ல சொற்கள்; ஆனால் ஊர் மணத்துக்காக வரிக்கு நான்கு தூவினால் கண்காட்சி போட்டது மாதிரி ஆகிவிடும். உங்கள் அம்மிச்சி (அம்மாவின் அம்மா) நிஜமாகவே சொல்லும் சொல்லா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மிக்ஸ்

தறி ஓசை எல்லா அலைவரிசையிலும் பரவிக் கிடக்கும். அப்படியே விட்டால் கிட்டாரையும் குரலையும் விழுங்கிவிடும். 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரை தறியில் கொஞ்சம் வெட்டுங்கள், அங்கேதான் குரலின் தெளிவு இருக்கிறது. கிட்டாரில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டி முனகலுக்கு இடம் விடுங்கள். குரல் வரும்போது தறியை 3 டெசிபல் இறக்குங்கள், குரல் நின்றதும் ஏற்றுங்கள். கேட்பவருக்குத் தெரியாது, ஆனால் தறி எப்போதும் சத்தமாக இருந்தது போலவே தோன்றும்.

போன் ஸ்பீக்கரில் 100 ஹெர்ட்ஸ் கிட்டத்தட்டக் கேட்கவே கேட்காது. முனகலை நம்பியிருக்கும் பாட்டு அங்கே வெறுமையாகிவிடும். அதனால் முனகலை ஒரு பிரதி எடுத்து, டிஸ்டார்ஷன் போட்டு, மேல் அலைகளை வரவழைத்து அடியில் மெல்லச் சேருங்கள். பிறகு ஓடும் பஸ்ஸில் ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். பஸ் சத்தத்தையும் தறி சத்தத்தையும் பிரித்தறிய முடிகிறதென்றால் மிக்ஸ் தேறிவிட்டது.

நீளம் மூன்று, மூன்றரை நிமிடம் போதும். 140 வேகத்தில் நான்கடி ஆவர்த்தனம் 1.7 வினாடிதான், 116 ஆவர்த்தனத்தில் ஏறத்தாழ 3 நிமிடம் 20 வினாடி வந்துவிடும்.

வெளியிடுவது

டிஸ்ட்ரோகிட், டியூன்கோர் போன்ற விநியோகஸ்தர் வழியாக எல்லாத் தளங்களுக்கும் அனுப்பலாம். அட்டைப்படம் 3000க்கு 3000 பிக்சல், பாட்டு வேவ் கோப்பு. ஒவ்வொரு பதிவுக்கும் அடையாளமான ஐஎஸ்ஆர்சி எண்ணை அவர்களே கொடுப்பார்கள். ஸ்பாட்டிஃபை சத்தத்தை மைனஸ் 14 லஃப்ஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குச் சமன் செய்யும் என்பதால் மாஸ்டரிங் என்ற கடைசிக் கட்ட மெருகேற்றலில் பாட்டை நசுக்கி ஏற்றுவதில் லாபமில்லை. ஸ்பாட்டிஃபையின் பாட்டுப் பட்டியல்களுக்குப் பரிந்துரைக்க வேண்டுமென்றால் வெளியீட்டுக்குக் குறைந்தது 7 நாள் முன்னால் விண்ணப்பிக்க வேண்டும். நாங்கள் 3 நாள் முன்னால் ஏற்றி வாய்ப்பை விட்டோம். வரிகளும் மெட்டும் உங்களுடையவை என்றால் பாடலாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் ராயல்டி வாங்கித் தரும் ஐபிஆர்எஸ் அமைப்பில் உறுப்பினராகிப் பாட்டைப் பதிந்துவையுங்கள்.

கடைசியாக, யார் யார் என்ன செய்தார்கள் என்ற பட்டியல். தாளம் என்ற இடத்தில் தறி ஓட்டிய அண்ணன் பெயரைப் போட்டோம். பாட்டு வந்த அன்று போய்க் காட்டினோம். இந்த முறை தலையை ஆட்டிக் கேட்டார். பிறகு, "இதுல காசு வருங்களா தம்பி?" என்றார்.

"வருங்ண்ணா. டீ குடிக்கற அளவுக்கு வரும்."

"அஞ்சு பேருக்குமா?"

"இல்லீங்ண்ணா, ஒரு டீ."